தண்ணீர் பாட்டில் கோளாறுகள்: முகாமிலும் கனூவிலும் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கனூ என்ற நீளமான, ஒடுங்கிய துடுப்புப் படகில் பயணம் கிளம்புகிறவர்கள் டென்டையும் துடுப்பையும் நாலு தடவை சோதிப்பார்கள். பாட்டிலை மட்டும் கிளம்பும் காலையில் அவசர அவசரமாக நிரப்பிப் பைக்குள் செருகிவிடுவார்கள். எங்கள் குழுவின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், "இது ஒழுகுது, கொஞ்சம் பாருங்க" என்று வரும் பாட்டில்கள் எல்லாம் கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேரும். பெரும்பாலான கோளாறு மூடியில்தான் இருக்கும். அதனால் செலவில்லாத காரணத்தை முதலிலும் புதிதாக வாங்க வேண்டியதைக் கடைசியிலும் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் பாட்டிலின் அறிகுறி எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## பாட்டில் ஒழுகுகிறது

எங்கிருந்து ஒழுகுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டிலை நிரப்பி மூடுங்கள். வெளிப்புறத்தைப் பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, உலர்ந்த செய்தித்தாளின் மேல் 10 நிமிடம் தலைகீழாக நிறுத்துங்கள். காகிதத்தில் வட்டமாக ஈரம் ஊறினால் வாஷர் அல்லது மரை. நடுவில் மட்டும் ஈரம் என்றால் குடிக்கும் வால்வு அல்லது ஸ்ட்ரா இணைப்பு. காகிதம் காய்ந்தே இருந்து பாட்டிலின் உடம்பில் முத்து முத்தாக நீர் நின்றால், உள்ளே ஜில்லென்ற தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். அது வெளிக்காற்றின் ஈரம் படிந்தது, ஒழுக்கு அல்ல.

### மூடியைச் சுற்றி வட்டமாக ஈரம்

மரை கோணலாக ஏறியிருக்கலாம். மூடியை வைத்ததும் வலப்பக்கம் திருகாதீர்கள். முதலில் மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டக்' என்று மூடி ஒரு படி கீழே இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் நேராக ஏறும். அகன்ற வாய் பாட்டில்களில் இந்தக் கோளாறு ரொம்ப சகஜம். படகில் ஒரு கையில் துடுப்பை வைத்துக்கொண்டு மறு கையால் மூடினால் கிட்டத்தட்ட நிச்சயம்.

மணல். ஆற்றங்கரையில் மூடியைக் கழற்றித் தரையில் வைத்தாலே போதும், ஒரு மணல் துகள் வாஷரில் ஒட்டிக்கொள்ளும். வாஷரை மழுங்கிய கரண்டிக் காம்பாலோ நகத்தாலோ நெம்பி எடுங்கள். கத்தி வேண்டாம், ஒரு கீறல் விழுந்தால் அதுவே புது ஒழுக்கு. வாஷரையும் அது உட்காரும் பள்ளத்தையும் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, வாஷர் முறுக்கிக்கொள்ளாமல் திரும்ப அமர்த்துங்கள்.

வாஷரே இல்லை. கழுவியபோது கழன்று விழுந்திருக்கும். இது நான் அடிக்கடி பார்ப்பது. ஆனால் சில அகன்ற வாய் மூடிகளில் வாஷர் கிடையவே கிடையாது. பாட்டில் வாயின் விளிம்பு மூடியின் உட்புறத்தில் அழுந்தித்தான் அடைக்கும். அப்படிப்பட்ட பாட்டிலில் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பாறையில் உரசிய பள்ளம் தட்டுப்பட்டால் மூடியை மாற்றிப் பயனில்லை. பள்ளம் ஆழமில்லை என்றால் மெல்லிய உப்புத்தாளால் இழைத்துப் பார்க்கலாம்.

அளவுக்கு மீறி இறுக்குவது. ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் வாஷர் பிதுங்கி ஒரு பக்கம் மடியும். மூடியில் மயிரிழை விரிசலும் விடும். மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வளைத்துப் பார்த்தால் விரிசல் வெள்ளைக் கோடாகத் தெரியும். விரிசல் விட்ட மூடிக்கு வைத்தியம் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். பாட்டிலைத் தூக்கி எறிவதற்கு முன் தயாரிப்பாளரிடம் மூடி மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். பலர் தனியாகத் தருகிறார்கள்.

நடுக்காட்டில் வாஷர் போய்விட்டால் தற்காலிக வழி ஒன்று உண்டு. கெட்டியான, சுத்தமான பாலித்தீன் பையில் ஒரு துண்டு வெட்டி, பாட்டில் வாயின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு நாள் தாங்கும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீரை அடைப்பது மூடியும் வாயும் சேரும் இடம். மரை அழுத்திப் பிடிக்க மட்டுமே உதவுகிறது.

### சூடாக ஊற்றினால் மட்டும் ஒழுகுகிறது

குளிர் இரவில் வெந்நீர் பாட்டிலை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்பவர்களுக்கு வரும் தொல்லை இது. சூட்டில் பிளாஸ்டிக் மூடி விரிந்து பிடி தளர்கிறது, உள்ளே நீராவி அழுத்துகிறது. ஊற்றியதும் மூடாமல் ஒரு நிமிடம் ஆவி போகவிட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை இறுக்குங்கள். பிறகு டென்டுக்கு வெளியே தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கனமான காலுறைக்குள் போட்டு உள்ளே கொண்டுபோங்கள். குளிரில் நனைந்த ஸ்லீப்பிங் பேக் வெறும் அசௌகரியத்தோடு போகாது, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

கடையில் தண்ணீரோ குளிர்பானமோ அடைத்து விற்கும் மெல்லிய பாட்டில் இதற்கு ஆகாது. அதன் பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிச் சுருங்கும். அடிப்பக்க முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட். 2 என்று இருக்கும் பால் நிற எச்டிபிஇ பாட்டிலும், டிரைட்டான் என்று குறித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கும் வெந்நீரைத் தாங்கும்.

### மலை ஏறிய பிறகு, அல்லது இனிப்புப் பானம் ஊற்றினால் ஒழுகுகிறது

உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று தள்ளும். கடிக்கும் வால்வும் ஸ்ட்ராவும் உள்ள மூடிகள் திறந்த உடனே பீய்ச்சுவது இதனால்தான். பாட்டிலைச் சாய்க்காமல் மூடியைச் சற்றே தளர்த்தி, காற்று போனதும் இறுக்குங்கள். பழச்சாறோ சர்க்கரைப் பானமோ வெயிலில் ஒரு நாள் கிடந்தால் புளித்து வாயு கட்டும். அதையும் மெல்லத் திறந்து, கொட்டிவிடுங்கள்.

### பக்கவாட்டில் அல்லது அடியில் ஒழுகுகிறது

விரிசல்தான். கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: பூச்சி விரட்டியில் உள்ள டீட் என்ற ரசாயனம் சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும். பூச்சி விரட்டி தடவிய கையோடு பாட்டிலைப் பிடித்துப் பிடித்து மேற்பரப்பு மங்கி, பிசுபிசுத்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ஈரம் துடைத்து நல்ல டேப் சுற்றினால் பயணம் முடியும்வரை ஓட்டலாம். அதன் பிறகு அந்தப் பாட்டிலில் தீப்பெட்டியோ முதலுதவிப் பொருளோ போட்டு வையுங்கள், தண்ணீருக்கு வேண்டாம்.

## மூடி திறக்கவே இல்லை

சூடாக ஊற்றி இறுக்கி மூடியது ஆறினால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து மூடி உள்ளிழுக்கப்படும். சர்க்கரைப் பானம் மரையில் காய்ந்தால் பசைபோல் ஒட்டும். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: மூடியை மட்டும் ஒரு நிமிடம் வெந்நீரில் அமிழ்த்துங்கள். பிறகு அகலமான ரப்பர் பட்டையை மூடியைச் சுற்றிப் போட்டுத் திருகுங்கள். ரப்பர் இல்லையென்றால் பையைக் கட்டும் பட்டை வாரை மூடியில் இரண்டு சுற்று சுற்றி இழுக்கலாம்.

கத்தி முனையை இடுக்கில் விடாதீர்கள். கை வழுக்கும், விளிம்பும் கெடும். மூடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், குடிக்க வேறு பாட்டில் இருக்கும்வரை அதை வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

## தண்ணீர் நாறுகிறது, ருசி கெட்டிருக்கிறது

### பாசி நாற்றம், உள்ளே வழுவழுப்பு

விரலை உள்ளே விட்டுச் சுவரைத் தேயுங்கள். வழுக்கினால் நுண்ணுயிர்ப் படலம் படிந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. பிரஷ், சோப்பு, வெந்நீர் போட்டுத் தேய்த்து, வாஷரையும் ஸ்ட்ராவையும் தனித்தனியாகக் கழற்றிக் கழுவுங்கள். அதன் பிறகும் வாடை இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் மணமில்லாத வீட்டு பிளீச் திரவம் கலந்து, உள்ளே எல்லா இடமும் படும்படி அரை நிமிடம் குலுக்கிக் கொட்டி, நன்றாக அலசிக் காயவிடுங்கள். பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். எவர்சில்வர் பாட்டிலில் பிளீச்சை ஊறவிடாதீர்கள், குளோரைடு எஃகை அரித்துப் புள்ளி விழ வைக்கும். அதற்குச் சமையல் சோடா கரைத்த வெந்நீரை இரவு முழுக்க விட்டால் போதும்.

சிலிகான் ஸ்ட்ராவுக்குள் கருப்புப் புள்ளிகள் தெரிந்து, கழுவியும் போகாவிட்டால் ஸ்ட்ராவை மாற்றுங்கள். என்னைக் கேட்டால் பல நாள் பயணத்துக்கு ஸ்ட்ரா மூடியே வேண்டாம். கழுவ வேண்டிய துண்டுகள் அதில் அதிகம், முகாமில் யாரும் அவற்றைக் கழுவுவதில்லை.

திரும்பி வந்ததும் பாட்டிலை மூடாமல் கவிழ்த்துக் காயவைத்து, மூடி தனி பாட்டில் தனியாக அடுக்கி வைத்தால் இந்தத் தலைப்புக்கே வேலை இருக்காது.

### புதுப் பாட்டிலில் பிளாஸ்டிக் வாடை

சமையல் சோடா கலந்த தண்ணீரை ஓர் இரவு ஊறவிட்டு அலசுங்கள். மடக்கும் தண்ணீர்ப் பைகளில் வாடை சீக்கிரம் போகாது, நாலைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். வெயிலில் சூடானால் திரும்ப வரும்.

### மருந்து வாடை

குளோரின், அயோடின் மாத்திரை போட்ட தண்ணீரில் இது வரத்தான் செய்யும். மாத்திரை அட்டையில் சொன்ன நேரம் முழுதாக முடிந்த பிறகு ஒரு சிட்டிகை வைட்டமின் சி தூள் போட்டால் வாடை அடங்கும். நேரம் முடியுமுன் போட்டால் மருந்தின் வேலையே நின்றுவிடும். தூள் இல்லாவிட்டால் இரண்டு பாட்டில்களுக்கு இடையே மாற்றி மாற்றி உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றினால் குளோரின் வாடை ஓரளவு குறையும்.

### பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை

கழுவிப் பார்க்க வேண்டாம். அந்தப் பாட்டிலை அப்போதே ஒதுக்குங்கள். அடுப்பு எரிபொருளுக்கான அலுமினிய பாட்டிலும் குடிநீர் பாட்டிலும் ஒரே உருவத்தில் இருப்பது ரொம்ப ஆபத்து. எரிபொருள் பாட்டில் நிறத்திலும் வடிவத்திலும் வேறாக இருக்கட்டும், வேறு பையில் இருக்கட்டும். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

## படகு கவிழ்ந்தால் பாட்டில் மூழ்கிவிடுகிறது

கனூக்காரர்கள் கேட்காமல் விடுகிற விஷயம் இதுதான். நிரம்பிய பாட்டில் மிதக்குமா என்பதை உள்ளே இருக்கும் தண்ணீர் முடிவு செய்வதில்லை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. பாட்டில் செய்த பொருள்தான் அதை முடிவு செய்கிறது.

எச்டிபிஇ தண்ணீரைவிடச் சற்று இலேசு. அதனால் விளிம்புவரை நிரப்பினாலும் மூக்கை மட்டும் வெளியே நீட்டி மிதக்கும். டிரைட்டான் தண்ணீரைவிடக் கனம். 180 கிராம் எடையுள்ள பாட்டிலுக்கு சுமார் 30 மில்லி காற்று இருந்தால் மிதந்துவிடும், மூடிக்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டால் சரி. எவர்சில்வர் கிட்டத்தட்ட எட்டு மடங்கு கனம். 240 கிராம் எடையுள்ள ஒற்றைச் சுவர் பாட்டிலுக்கு 210 மில்லி காற்று வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் நிரப்பலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிட பிளாஸ்க் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கிளம்புமுன் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை. எதுவரை நிரப்பினால் மிதக்கிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டிக் குறியுங்கள்.

மிதந்தாலும் ஆறு அடித்துக்கொண்டு போய்விடும், ஆகவே கட்ட வேண்டும். மூடியையும் பாட்டிலையும் சேர்க்கும் பிளாஸ்டிக் வாரில் கொக்கி மாட்டாதீர்கள். அது மூடி தொலையாமல் இருக்க வைத்தது, இழுவையைத் தாங்காது. ஒரு கயிற்றைப் பாட்டில் கழுத்தில் இறுக்கிக் கட்டி, கொக்கி வழியாகப் படகின் குறுக்குச் சட்டத்தில் மாட்டுங்கள். கயிறு ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். நீளமாகத் தொங்கும் கயிறு கவிழ்ந்த நேரத்தில் காலைச் சுற்றிக்கொள்ளும், அது பாட்டிலைத் தொலைப்பதைவிடப் பெரிய ஆபத்து.

எல்லாத் தண்ணீரையும் ஒரே பெரிய பாட்டிலில் வைக்காதீர்கள். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்க வேண்டும். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒன்று, பைக்குள் ஒன்று.

## தண்ணீர் பிடிக்க முடியவில்லை

ஓடை ஆழமில்லாமல் பாட்டில் வாய் முங்கவில்லை என்றால், ஓர் அகன்ற இலையைக் கல்லிடுக்கில் செருகுங்கள். தண்ணீர் அதன் நுனி வழியாகக் குழாய்போல் கொட்டும். பெட் பாட்டிலின் அடியை வெட்டிச் செய்த அகப்பையும் நன்றாக வேலை செய்யும்.

பாட்டிலைப் பிழிந்து தண்ணீரை வடிக்கும் வகை வடிகட்டி பாட்டிலில் ஏறவில்லையா? பெரும்பாலானவை சோடா பாட்டிலின் 28 மில்லிமீட்டர் மரைக்கு ஏற்றவை. அகன்ற வாய் பாட்டிலில் அவை ஏறாது. வடிகட்டியோடு சேர்க்க ஒரு சாதாரண பெட் பாட்டிலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எடையும் மிகக் குறைவு. தண்ணீரில் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு வைத்திருப்பவர்களுக்கு அகன்ற வாயும் தெளிந்த தண்ணீரும் கட்டாயம். கலங்கிய தண்ணீரில் ஒளி உள்ளே போகாது. துணியில் வடித்து, தெளியவிட்டுப் பிறகு போடுங்கள்.

அகன்ற வாய் பாட்டில் ஏரியில் மொள்ளவும் கழுவவும் சுலபம். ஆனால் ஆடும் படகில் அதிலிருந்து குடித்தால் பாதி சட்டையில்தான் விழும். குறுகிய வாய் நேர்மாறு. அதனால் நான் ஒன்று ஒன்றாக இரண்டையும் எடுத்துப்போகச் சொல்வேன்.

## பிளாஸ்க் சூடு தாங்கவில்லை

முதலில் பழக்கத்தைப் பாருங்கள். குளிர்ந்த பிளாஸ்கில் நேராகச் சூடாக ஊற்றினால் உட்சுவரே சூட்டைக் குடித்துவிடும். ஐந்து நிமிடம் வெந்நீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். பாதி மட்டும் நிரப்பினாலும் சீக்கிரம் ஆறும்.

அடுத்தது மூடி. சூடு போவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

கடைசியாக வெற்றிடம். கொதிநீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைக் கையால் தடவுங்கள். கழுத்தருகே வெதுவெதுப்பு இருப்பது இயல்பு. நடு உடம்போ அடியோ சுட்டால் வெற்றிடம் போய்விட்டது. இதை எந்தக் கடையிலும் சரிசெய்ய முடியாது. உத்தரவாதக் காலம் இருந்தால் மாற்றிக் கேளுங்கள், இல்லையென்றால் சாதாரண பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலையிலும் இரட்டைச் சுவர் பாட்டிலை அடுப்பிலோ நெருப்பிலோ வைக்காதீர்கள், மூடிய இடைவெளி வெடிக்கலாம். தீயில் வைத்துத் தண்ணீர் காய்ச்ச ஒற்றைச் சுவர், பெயின்ட் இல்லாத எவர்சில்வர் பாட்டில் மட்டும்தான் ஆகும், அதுவும் மூடியைக் கழற்றிவிட்டு.

## தண்ணீர் உறைந்துவிடுகிறது

ஐஸ் மேலிருந்து கட்டும். பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் காலையில் வாய்ப்பக்கம் திறந்திருக்கும். இதற்கு ஒழுகாத மூடி வேண்டும் என்பதால் முதல் தலைப்பின் காகிதச் சோதனையை முடித்துவிட்டுச் செய்யுங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், எனவே லிட்டருக்கு 100 மில்லியாவது காலி விடுங்கள். ஸ்ட்ராவும் மெல்லிய குழாயும்தான் முதலில் அடைபடும்.

மெல்லிய குழல் போன்ற இழைகள் வழியாகத் தண்ணீரை வடிக்கும் குழலிழை வடிகட்டி நனைந்த நிலையில் ஒரு முறை உறைந்தால் இழைகள் வெடித்திருக்கக்கூடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும். உறைந்ததாகச் சந்தேகம் வந்தாலே மாற்றுங்கள். குளிர் இரவில் வடிகட்டியை உங்களோடு ஸ்லீப்பிங் பேக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## சுத்திகரித்துக் குடித்தும் வயிறு கெடுகிறது

மருந்தையோ வடிகட்டியையோ குறை சொல்லுமுன் பாட்டிலைப் பாருங்கள்.

மரையில் தங்கிய தண்ணீர். ஏரியில் முக்கி நிரப்பிய பாட்டிலில் மாத்திரை போட்டால் உள்ளே இருப்பது மட்டும்தான் சுத்தமாகும். மரையிலும் மூடியிலும் ஒட்டிய ஏரித் தண்ணீர் அப்படியே இருக்கும், நீங்கள் வாய் வைப்பதும் அங்கேதான். மாத்திரை போட்டு ஐந்து நிமிடம் கழித்து மூடியைச் சற்றே தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, மருந்து கலந்த தண்ணீர் மரை வழியாக வழியவிடுங்கள். பிறகு இறுக்கி மீதி நேரம் காத்திருங்கள்.

அழுக்குப் பாட்டிலும் சுத்தப் பாட்டிலும் கலந்துபோவது. மொள்ளும் பாட்டிலில் ஒரு ரப்பர் பட்டை போட்டு வையுங்கள், இருட்டிலும் கை சொல்லிவிடும். இரவில் டென்டுக்குள் சிறுநீருக்குப் பாட்டில் வைப்பவர்கள் அதற்கு முற்றிலும் வேறு வடிவம் தேர்ந்தெடுங்கள்.

துடுப்புத் தெறிப்பு. கனூவில் குடிக்கும் வாய் திறந்தே இருந்தால் ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் ஆற்று நீர் அதன் மேல் விழும். வாயை மூடும் தொப்பி உள்ள மூடி வாங்குங்கள்.

காத்திருப்பு நேரம் போதவில்லை. குளோரின் டையாக்சைடு மாத்திரை, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் கொல்ல 4 மணி நேரம் எடுக்கும். சந்தேகம் இருந்தால் கொதிக்க வையுங்கள்: தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம்.

தண்ணீரே ஆகாதது. நீலப்பச்சைப் பாசி படர்ந்து பெயின்ட் கொட்டியதுபோல் இருக்கும் நீரின் நச்சைக் கொதிக்க வைப்பதும் சாதாரண வடிகட்டியும் நீக்காது. வேறு இடத்தில் மொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், இரண்டும் தலைதட்டி அளந்து, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காத வாந்தி, சிறுநீர் அடர் நிறமாவது அல்லது நின்றே போவது, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும், அல்லது மூன்று நாளில் நிற்காவிட்டாலும், பயணத்தை நிறுத்தி டாக்டரிடம் போங்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் தொற்று தெரியவே ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் எல்லோரும் வீடு திரும்பி வேலைக்குப் போயிருப்பார்கள். அப்போது வயிறு கெட்டாலும், எந்த நாளில், எந்த ஏரியிலோ ஆற்றிலோ மொண்டு, எப்படிச் சுத்திகரித்துக் குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். என்ன பரிசோதனை செய்வது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.